சகலைகள் பங்கு போட்ட அலுமினியம்

மண் நல நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. பொதுக் கோபம்தான். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்ல வேண்டிய சிரமத்தை அவர்கள் எனக்கு வைக்கவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல், இரண்டு மாடிப்படி, இரண்டு குடிநீர்க் குழாய். நடுவில் நீளமான தாழ்வாரம். அதன் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அமில மண் பிரிவு, அந்தப் பக்கம் களர் மண் பிரிவு. புளிப்பு ஏறிய மண்ணுக்கு இது, காரம் ஏறிய மண்ணுக்கு அது. இரண்டும் ஏறாத நல்ல மண்ணை வைத்திருப்பவன் அந்தத் தெருவுக்கே போக மாட்டான்.

இந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் மண் படித்தவர்கள். ஒரே வீட்டில் அக்காளையும் தங்கையையும் கட்டிக்கொண்டவர்கள், அதாவது சகலைகள். மாமனார் வீட்டில் ஒரு நாள் யாருக்கு முதலில் காபி வந்தது என்பதில் மனஸ்தாபம் வந்து, பேச்சுவார்த்தை நின்றது. அப்புறம் ஒரே கூரையின் கீழ் எப்படி ஆராய்ச்சி செய்வது? வீட்டைப் பிரிக்கிற மாதிரி நிறுவனத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அமில மண் மூத்தவருக்கு, களர் மண் இளையவருக்கு. பிறகு மண்ணுக்குள் இருக்கும் சாமான்களைப் பங்கு போட்டார்கள். அலுமினியம் மூத்தவருக்கு, சோடியம் இளையவருக்கு. கால்சியத்துக்குக் கைகலப்பு வரை போனதாகக் கேள்வி. கடைசியில் சுண்ணாம்பு மூத்தவருக்கு, ஜிப்சம் இளையவருக்கு என்று பஞ்சாயத்து முடிந்தது. இரும்பு, கூட்டுக் குடும்பத்துக் கிணறு மாதிரி பொதுவில் விடப்பட்டது. மாங்கனீசு யாருக்கும் வேண்டாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.

சகலைகள் இருவரும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தப் பங்குப் பத்திரத்தை மண் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் தையல்காரர் செய்த பாவம்.

தையல்காரர் என்று நான் சொல்வது பழைய பழக்கத்தில். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்க மறுத்த பிறகு, அவர் கடையை மூடிவிட்டு மனைவியின் பங்காக வந்த நிலத்தில் இறங்கிவிட்டார். அளவு டேப்பை மட்டும் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் சட்டை போடாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

அவர் விதைத்தது மக்காச்சோளம். முளைத்தது. ஒரு சாண் வளர்ந்தது. அதோடு நின்றது. தண்ணீர் விட்டார், எரு போட்டார், கெஞ்சினார். ஒரு சாண்தான். ஒரு செடியை லேசாகத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. குட்டையாக, தடித்து, நுனி பழுத்துக் கறுத்து, மெழுகு உருகி உறைந்த மாதிரி இருந்தது. அடுத்த விதைப்பும் அதே கதி.

பக்கத்து நிலம் அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணன். அங்கே செங்கல்சூளை ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் கெட்டவர் இல்லை. வாய் மட்டும்தான் கொஞ்சம்.

"மாப்ளே, இந்த மண்ணுல செடி வராது, செங்கல்தான் வரும். எங்கிட்ட விட்டுருங்க, சூளையைப் பெருசாக்கிக்கறேன்."

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு விதைப்பு," என்றாள் மனைவி. "அதுவும் தேறலேன்னா நிலம் உனக்கு. நானே வந்து முதல் கல்லை அறுத்துத் தர்றேன்."

சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பம் இல்லை அது. சூளைக்காக மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அப்புறம் அது நிலம் இல்லை, பள்ளம். மனைவிக்கு அது அப்பா கொடுத்த மண். தையல்காரருக்கோ, ஊசி கைவிட்ட பிறகு மிச்சமிருந்த ஒரே வேலை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"சும்மா உக்காந்து என்ன பண்றது? மண்ணை எடுத்துக்கிட்டு அந்த ஆபீஸுக்குப் போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி. மறுநாள் அவர் ஒரு துணிப்பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு போனார்.

எந்த வாசல் என்று தெரியாமல் நின்றவரை வாசல்காவலர் கேட்டார்: "புளிப்பா, காரமா?"

"சாப்பிட்டுத்தாங்க வந்தேன்."

"மண்ணைக் கேட்டேன்."

வெயிலில் வெள்ளை பூத்து, தண்ணீர் விட்டால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுவழுக்கிற மண் என்று அவர் சொன்னதும், களர் வாசலைக் காட்டிவிட்டார். உள்ளே போனால் முதலில் கிடங்கு. கதவு திறந்திருந்தது. கூரை தொடும் அளவுக்கு மூட்டைகள். இரண்டு எழுத்தர்கள் மூட்டைகளை நாற்காலியாக்கி உட்கார்ந்து, ஒரு மூட்டையை மேசையாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க மூட்டை?"

"ஜிப்சம். களர் மண்ணுக்கு மருந்து."

தையல்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எதிரே மருந்து, கையில் நோயாளி. இனி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவர் தைத்துக் கொடுத்தே பழகியவர். துணி வந்தால் சட்டை போக வேண்டும் என்று நம்புகிற ஜாதி.

அடுத்த அறையில் மண்ணைக் கரைத்துச் சோதனை இயந்திரத்தில் ஊற்றினார் இயந்திரக்காரர். இயந்திரம் முனகி, விளக்குகளைச் சிமிட்டி, எண்களைக் காட்டியது. இயந்திரக்காரரின் முகம் மாறியது.

"அலுமினியம் தெரியுதே," என்றார் தாழ்ந்த குரலில்.

"அது என்னங்க, கெட்டதா?"

"எல்லா மண்ணுலயும் இருக்கறதுதான். களிமண்ணோட ஒட்டிக்கிட்டுச் சும்மா கெடக்கும். புளிப்பு ரொம்ப ஏறினா அவுந்து தண்ணியில வந்துடும், வேரைக் கருக்கிடும். அது எல்லாருக்கும் தெரியும். காரம் ரொம்ப ஏறினாலும் அவுந்துக்கும். அதை இங்கே யாரும் சொல்லக் கூடாது. ஜிப்சம் போட்டுக் காரத்தை எறக்கினா, அது தானா மறுபடி அடங்கிப் போயிடும்."

"அப்ப ஜிப்சம் குடுத்துடுங்களேன்."

அப்போது கதவு திறந்தது. களர்ப் பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். இயந்திரக்காரர் அதே மூச்சில், "மேடம், இயந்திரம் தப்பாக் காட்டுது," என்றார். அவருக்கு இரண்டு பெண்கள், இருவரும் கல்லூரியில். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தலைவி எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அலுமினியம் எங்க பிரிவுல கெடையாதே."

"மண்ணுல இருக்குங்களாம், அம்மா," என்றார் தையல்காரர்.

"மண்ணுல இருக்கலாம். பிரிவுல இல்லை. நாங்க இல்லாத ஒண்ணுக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?"

"சரிங்க. அதை விட்டுடுங்க. களர் மண்ணுன்னு வெச்சுக்கிட்டு அந்த ஜிப்சத்தை…"

"எப்படிக் குடுக்கறது? உங்க மண்ணுல அந்தப் பக்கத்துச் சாமான் இருக்கு. அதை அவங்க எடுத்துக்கிட்டுப் போனாத்தான் இது சுத்தமான களர் மண்ணு. அப்ப வாங்க, மூட்டை மூட்டையாத் தர்றேன். எங்களுக்கும் எடம் அடைச்சுக்கிட்டுத்தான் கெடக்கு."

அன்று மாலையே இயந்திரத்துக்கு விளக்கம் கேட்டு ஓர் ஆணை ஒட்டப்பட்டது. தன் பிரிவில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டியது ஏன்? கொடுத்த அவகாசத்துக்குள் இயந்திரம் பதில் தரவில்லை. அதனால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, மேலே ஒரு போர்வை போர்த்தப்பட்டது. விசாரணை முடியும் வரை பிழைப்பூதியமாக அதற்குப் பாதி மின்சாரம் வழங்க வேண்டும் என்றும் உத்தரவானது. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான். அந்த வகையில் நிறுவனம் நியாயமானது.

தையல்காரர் மஞ்சள் கோட்டைத் தாண்டி அமிலப் பிரிவுக்குப் போனார். அங்கே தலைவர் அவரை எழுந்து நின்று வரவேற்றார். அந்த மரியாதையில் அவருக்குப் பயமே வந்துவிட்டது.

"உக்காருங்க, உக்காருங்க. எங்க அலுமினியம் உங்ககிட்டத்தான் இருக்காமே?"

"என் நிலத்துல இருக்குன்னு சொன்னாங்க, சார்."

"ரொம்ப சந்தோஷம். எப்பக் கொண்டு வந்து ஒப்படைக்கறீங்க?"

"ஒப்படைக்கறதா? அது மண்ணோட மண்ணா இருக்குங்க."

"பாருங்க, அலுமினியம் முழுக்க எங்களுக்கு ஒதுக்கினது. அது களர் நிலத்துல போய் உக்காந்திருக்குன்னா ரெண்டுல ஒண்ணு. தானா ஓடிப் போயிருக்கணும், இல்லேன்னா யாரோ கூட்டிக்கிட்டுப் போயிருக்கணும். உங்களைச் சந்தேகப்படலை. உங்க மேல விசாரணை மட்டும்தான்."

"நீங்களே வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எங்ககிட்ட இருக்கற ஒரே முறை சுண்ணாம்பு. அமில மண்ணுல சுண்ணாம்பு போட்டா அலுமினியம் அடங்கும்."

"சுண்ணாம்பு போட்டா என் மண்ணுல காரம் இன்னும் ஏறிடாதா?"

"ஏறும். அதான் உங்களுக்குத் தர முடியாது. முதல்ல உங்க நிலத்தை அமிலமாக்கிக்கிட்டு வாங்க. அப்புறம் பாருங்க, எப்படிக் கவனிக்கறோம்னு."

"எப்படிங்க அமிலமாக்கறது?"

தலைவர் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. "நாங்க அமிலத்தைக் குறைக்கறவங்க. ஏத்தறது எங்க வேலை இல்லையே."

தையல்காரர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மருந்து இருக்கு. நோய் இருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

"ஒரு மஞ்சக் கோடு."

"அதை அழிச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால் மட்டும் இல்லை. வெளியே, இவர்கள் வயலின் ஓரத்தில், மச்சானின் ஆட்கள் சூளைக்கு இடம் பார்த்து அடையாளக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு தையல்காரர் போன போக்குக்கும் வந்த வரவுக்கும் கணக்கில்லை. இரு தலைவர்களும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோட்டின் இரு பக்கமும் ஒரு முழ இடைவெளியில் நின்றுகொண்டு அவர் வழியாகப் பேசினார்கள்.

"அவங்க சாமானை அவங்க எடுத்துக்கணும்னு சொல்லுங்க," என்பார் தலைவி.

"சார், உங்க சாமானை…"

"காதுல விழுந்தது. அவங்க எடத்துல இருந்தா அவங்கதான் குடுக்கணும்னு சொல்லுங்க."

"அம்மா, அவர் என்ன சொல்றார்னா…"

"விழுந்தது, விழுந்தது."

கடைசியில் விஷயம் இயக்குநரிடம் போனது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். தூங்குகிறார் என்று சிலர் சொல்வார்கள். அது அவதூறு. தூங்குகிறவரால் இப்படியொரு யோசனை சொல்ல முடியாது.

"விழா எடுப்போம்," என்றார் அவர் கண்ணைத் திறந்து. "அலுமினியம் கையளிப்பு விழா. களர்ப் பிரிவு, அமிலப் பிரிவிடம் அலுமினியத்தை முறையாக ஒப்படைக்கும். மண்ணிலிருந்து பிரிக்க முடியாது என்பதால், அடையாளமாக ஓர் அலுமினியக் குண்டான். இடம், இவருடைய நிலம். அங்கேயே நம் நிறுவனர்கள் இருவருக்கும் சிலை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி, முதுகோடு முதுகாக."

சிலைக்கு நிதி இல்லை என்றார் கணக்கர். கையிருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார் இயக்குநர். ஜிப்சம் இருக்கிறது என்றார் கணக்கர். வறுத்துப் பொடித்துக் குழைத்தால் சிலைக்கு ஆகும். மூட்டை மூட்டையாக இருக்கிறது, இதுவரை ஒரு மூட்டைகூடச் செலவாகவில்லை.

தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, சிலையே வேண்டாம். அந்த மூட்டையை மட்டும் அப்படியே எனக்குக் குடுத்தீங்கன்னா…"

"உங்கள் எளிமை எனக்குப் புரிகிறது," என்றார் இயக்குநர். "ஆனால் நிறுவனர்களை மூட்டையாக அனுப்புவது மரியாதை இல்லை."

சிலை செய்கிறவர் வந்தார். வறுக்க அடுப்பு வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தது மச்சானின் சூளை. பெரிய இரும்புத் தட்டுகளில் ஜிப்சத்தைப் பரப்பி, சூளை வாயில் வைத்து வறுத்தார்கள். மச்சான் வேலியைத் தாண்டி வந்து சிரித்தார்.

"மாப்ளே, உங்க மருந்தை என் சூளையில வறுத்து உங்களுக்கே பொம்மை செய்யறாங்க. இவ்வளவு நல்லா எனக்கே உங்களைக் கிண்டல் பண்ண வராது."

நாற்காலி போட இடம் வேண்டும் என்று, தேறாமல் நின்ற மக்காச்சோளத்தைப் பிடுங்கிக் கிழக்குப் பாதியைச் சமமாக்கினார்கள். ஒரு சாண் செடி என்றாலும் பச்சையாக இருந்தது. தையல்காரர் அதைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றார். பிறகு சகலைகள் எழுந்தார்கள். ஆளுக்கு இரண்டு ஆள் உயரம், தொப்பையோடு, கண்ணாடியோடு, முதுகோடு முதுகாக.

"நல்லா வந்திருக்கு," என்றார் சிலை செய்தவர். "பொடிதான் சரியா வறுபடலை, அவசரப்படுத்திட்டாங்க. மழை மட்டும் படாமப் பாத்துக்குங்க."

விழாவுக்கு எல்லாரும் வந்தார்கள். வயலின் குறுக்கே ஒரு மஞ்சள் கயிறு இழுத்துக் கட்டி, இரு பிரிவினரும் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இயக்குநர் எழுந்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்த நிறுவனம் தொடங்கிய நாள் முதல் இன்று வரை ஒரு விவசாயிகூட நம்மிடம் இரண்டாவது முறை வந்ததில்லை. ஒரே முறையில் திருப்தி அடைந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு செடி வளர நீர் வேண்டும், ஒளி வேண்டும், அனுமதி வேண்டும். முதல் இரண்டும் இயற்கை தரும். மூன்றாவதை நாம் தருகிறோம். சில செடிகள் அதுவரை பொறுக்காமல் பட்டுப் போகின்றன. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? களர் மண்ணில் அலுமினியம் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் களர்ப் பிரிவு வருந்தும். இல்லை என்றால் இந்த விழா வருந்தும். எனவே, இருந்தது என்று சொல்லி முடித்துக்கொள்வோம். மண் மாறலாம், மழை மாறலாம். நம் நிறுவனம் மாறாது. நாளைக்கு இந்த நாட்டில் விவசாயமே இல்லாமல் போனாலும் நாம் இருப்போம் என்ற உறுதியை இந்த நேரத்தில் உங்களுக்குத் தருகிறேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. களர்ப் பிரிவுத் தலைவி குண்டானைத் தையல்காரர் கையில் கொடுத்தார். தையல்காரர் கயிற்றைத் தாண்டி அமிலப் பிரிவுத் தலைவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் தட்டிப் பார்த்தார். "எங்களோடதுதான்," என்றார் நிறைவாக.

தையல்காரர் தலைவியிடம் ஓடினார். "அம்மா, அலுமினியம் போயிடுச்சு. இப்ப என் மண்ணு சுத்தமான களர் மண்ணு. ஜிப்சம்?"

"தாராளமா. ஆனா கையிருப்பு தீந்துடுச்சே," என்றார் தலைவி, சிலைகளைக் காட்டி. "எல்லாத்தையும் அதுல போட்டுட்டோம்."

அப்போதுதான் மழை பிடித்தது. சும்மா இல்லை, ஊற்று ஊற்று என்று ஊற்றியது. இயக்குநர் முதலில் ஓடினார், மற்றவர்கள் பதவி வரிசையில் ஓடினார்கள். கயிறும் நாற்காலிகளும் சகலைகளும் தையல்காரரும் மழையில் நின்றார்கள்.

விட்டு விட்டு மழை பெய்துகொண்டே இருந்தது. முதலில் மூத்த சகலையின் மூக்கு போனது. பிறகு இளையவரின் கண்ணாடி. பிறகு இருவர் தொப்பையும் வழிந்து ஒன்றாகக் கலந்தன. உயிரோடு இருந்தபோது நடக்காத சமாதானம் அது. மழை வெறித்ததும் மனைவி பரண்மேல் கிடந்த பெரிய மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள்.

"ஏம்மா, என்ன பண்ணப் போறே?"

"மருந்து போடப் போறேன்."

"நிறுவனருங்கம்மா அவங்க!"

"மூட்டையில இருந்தப்ப நிறுவனரா? அப்ப ஜிப்சம்தானே? வாங்க, அந்தக் காலைப் பிடிங்க."

முதல் அடியை அவள் கொடுத்தாள். இரண்டாவது அடிக்கே மூத்தவர் சாய்ந்தார். தையல்காரரும் ஒரு கட்டையை எடுத்தார். இடிக்க இடிக்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாள் அந்தத் தாழ்வாரத்தில் அவரை நடக்க வைத்தார்கள்! வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சான், சூளைப் பக்கம் போய் ஒரு சம்மட்டியோடு வந்தார்.

"அண்ணே, இது தேறிட்டா உனக்கு நிலம் கெடையாது, தெரியுமில்லே?" என்றாள் தங்கை.

"தெரியும், தெரியும். ஆனா இந்தத் தலையை மட்டும் எனக்கு விடு," என்றார் மச்சான்.

இடித்துத் தூளாக்கிக் கிழக்குப் பாதி முழுக்க இறைத்து, உழுது, தண்ணீர் கட்டிப் பாய்ச்சி வடித்தார்கள். மேற்குப் பாதிக்குத் தூள் எட்டவில்லை. மீதமிருந்த விதையை இரண்டு பாதியிலும் போட்டார்கள். அதுதான் கடைசி விதைப்பு.

முளைத்தது. ஒரு சாண் வந்தது. அன்றிலிருந்து தையல்காரர் காலையிலும் மாலையிலும் டேப்பும் கையுமாக வயலில்தான் இருந்தார். மேற்கே ஒரு சாணில் நின்றது. கிழக்கே நிற்கவில்லை. இடுப்புக்கு வந்தது. தோளுக்கு வந்தது. ஒரு நாள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். செடி அவரைத்தான் இழுத்தது. அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படாமல், வாய்விட்டு அழுதார். மச்சான் வந்து அடையாளக் கல்லைத் தானே பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

கதிர் முற்றுகிற நேரத்தில், நிறுவனர்களின் நலம் விசாரிக்க நிறுவனம் வந்தது. இயக்குநர், இரு தலைவர்கள், பின்னால் ஒரு புகைப்படக்காரர். தலை உயரத்துக்கு நின்ற மக்காச்சோளத்தைப் பார்த்து மூவரும் அசந்துபோனார்கள். தங்கள் ஆலோசனை பெற்ற நிலத்தில் அவர்கள் இதற்கு முன் பயிரைப் பார்த்ததில்லை.

"எங்க அலுமினியத்தை நாங்க எடுத்துக்கிட்டதால வந்த விளைச்சல்னு சொல்லுங்க," என்றார் அமிலப் பிரிவுத் தலைவர்.

"அலுமினியம் எப்பவுமே இல்லேங்கறதுக்கு இதுதான் சாட்சின்னு சொல்லுங்க," என்றார் களர்ப் பிரிவுத் தலைவி.

"விழா எடுத்த விளைச்சல்," என்றார் இயக்குநர். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நிறுவனர்கள் எங்கே?"

 மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மண்ணோட மண்ணாக் கலந்துட்டாங்க, ஐயா. இத்தனை வருஷத்துல அவங்களால மண்ணுக்கு நல்லது நடந்தது இப்பத்தான்."

இயக்குநர் கண் கலங்கினார். "மண்ணுக்காக வாழ்ந்தார்கள், மண்ணிலேயே கலந்தார்கள்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அடுத்த உரைக்கு ஆகும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "உங்களுக்கு நிறுவனம் வேறு என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, ஒரு சாணில் நின்றுபோன மேற்குப் பாதியைப் பார்த்தாள்.

"இன்னொரு விழா வைக்க முடியுங்களா, ஐயா?" என்றார் தையல்காரர். "மேற்கால."

"வைக்கலாம். கிடங்குக்குப் புதுச் சரக்கும் வந்திருக்கிறது. ஆனால் யாருக்குச் சிலை வைப்பது? நிறுவனர்கள் இரண்டு பேர்தானே?"

"ரெண்டு பேருக்கும் பொண்ணு குடுத்த மாமனார் ஒருத்தர் இருந்திருப்பாரே," என்றாள் மனைவி. "அவர் இல்லேன்னா இவங்க சகலை ஆயிருக்க முடியுமா? கோடுதான் வந்திருக்குமா?"

அமிலப் பிரிவுத் தலைவரும் களர்ப் பிரிவுத் தலைவியும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனாரை யாரும் பங்கு போட்டிருக்கவில்லை. அவர் இரு பிரிவுக்கும் பொது. ஆட்சேபணை சொல்ல வழியே இல்லை.

"அருமை!" என்றார் இயக்குநர். "பெரியவரை நின்ற கோலத்தில் வைப்போமா, உட்கார்ந்த கோலத்திலா?"

தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"படுத்த கோலமே நல்லதுங்க. ரெண்டு மருமகப்பிள்ளைங்களையும் சமாளிச்சு ரொம்ப அலுத்துப் போயிருப்பார்," என்றவர், டேப்பின் ஒரு முனையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, மாமனாருக்கு அளவெடுக்க மேற்கு வேலி வரைக்கும் நடந்தார்.